கவாத்து: நெல்லைச் சீமை வீட்டு மரங்களுக்கு எப்போது, எங்கே, எப்படி வெட்டுவது

மரம் கவாத்து செய்வது பற்றி இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவை மேப்பிள், ஆப்பிள் போன்ற குளிர்நாட்டு மரங்கள். அவை இலையை உதிர்த்துவிட்டு மாதக்கணக்கில் உறங்கும். உறங்கும்போது வெட்டுங்கள் என்பதுதான் அங்கே முதல் பாடம். மேப்பிளுக்கு இன்னொரு குணமும் உண்டு. குளிர் விடத் தொடங்கும்போது அதன் உடலில் சாறு வேகமாக ஏறும். கனடாவில் அந்தச் சாற்றை இறக்கித்தான் பாகு காய்ச்சுகிறார்கள். அந்த நேரத்தில் கிளையை வெட்டினால் வெட்டுவாய் நாள்கணக்கில் ஒழுகும். அதனால் கடுங்குளிரிலோ, இலை முற்றிய கோடையிலோ வெட்டச் சொல்வார்கள். எல்லாம் அந்த ஊருக்குச் சரி. அதைப் பார்த்து டிசம்பரில் பாளையங்கோட்டை வீட்டு மாமரத்தின் நுனிகளை வெட்டினால், பூக்கத் தயாராக நின்ற கொப்புகள் எல்லாம் போய்விடும். அந்த வருஷம் மாங்காய் கிடையாது.

நம் மரங்களுக்குப் பனிக்கால உறக்கம் இல்லை. ஆகவே கத்தரியை எடுக்கும் முன் நம் ஊர் வருஷத்தை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள்.

சித்திரை, வைகாசியில் வெயில். இவ்வளவு நாள் இலை நிழலில் இருந்த பட்டையை அப்போது வெட்டவெளியாக்கினால் பட்டை வெந்து வெடிக்கும். வெடிப்பு வழியாகத் தண்டு துளைப்பான் நுழையும். அக்னி நட்சத்திரத்தில் பெரிய வெட்டு எதுவும் வேண்டாம்.

வைகாசிக் கடைசியிலிருந்து ஆடி முழுக்கக் காற்று. செங்கோட்டைக் கணவாயும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் மேற்கிலிருந்து காற்றைத் திறந்துவிடுகின்றன. தென்காசி, குற்றாலம் பக்கம் அது சாரலோடு வரும். கிழக்கே வர வர ஈரம் வடிந்து வெறும் காற்றாகிவிடும். முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமான அதே காற்றுதான் உங்கள் புறவாசல் முருங்கையையும் முறிக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் மழை. மண் ஊறி இளகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படி மண் தளர்ந்து கிடக்கும்போது, தலை கனத்து ஒரு பக்கமாகச் சாய்ந்த மரம்தான் முதலில் வேரோடு போகும்.

இந்த மூன்றுக்கும் இடையில் நமக்குக் கிடைக்கும் நல்ல காலம் இரண்டு. மாசி முதல் பங்குனி நடுவரை ஒன்று. இளம் மரத்துக்கு உருவம் கொடுக்கவும், காற்றுக்கு முன் நெரிசலைக் குறைக்கவும். ஆவணி முதல் புரட்டாசி நடுவரை இன்னொன்று. மழைக்கு முன் கனம் குறைக்க. வெட்டுவாய் காய்ந்து இறுகச் சில வாரங்கள் வேண்டும் என்பதால் புரட்டாசிக் கடைசிக்கு இழுக்க வேண்டாம். மாமரம் மட்டும் தன் கணக்கில் போகும், அதைப் பிறகு சொல்கிறேன். பட்டுப்போன கொப்பு, முறிந்து தொங்கும் கொப்பு, புல்லுருவி (மரத்தில் ஒட்டிக்கொண்டு அதன் சாற்றை உறிஞ்சி வாழும் செடி) பிடித்த கொப்பு இவற்றுக்கு மட்டும் காலம் பார்க்க வேண்டியதில்லை.

என்னென்ன வேண்டும்

விரல் கனம் வரை உள்ள கொப்புக்குக் கவாத்துக் கத்தரி. இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடந்து போகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு அலகு தட்டையான தகட்டில் போய் மோதுகிற வகை பச்சைக் கொப்பை நசுக்கும். அதைவிடக் கனமான கொப்புக்கு வளைந்த கைரம்பம், இழுக்கும்போது அறுக்கிற பல் உள்ளது. எட்டாத உயரத்துக்கு மூங்கில் துறட்டி, அல்லது கம்பில் பொருத்தும் ரம்பம்.

அரிவாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊரில் எல்லார் வீட்டிலும் அரிவாள் இருக்கும், கைப்பழக்கமும் இருக்கும். கீழே விழுந்த கொப்பைத் துண்டு போட அதைவிட நல்ல கருவி இல்லை. நிற்கிற மரத்தின் கொப்பில் மட்டும் அதை வீச வேண்டாம். வெட்டு சிதறும், பட்டை கிழியும். சிதறிய வெட்டில் மழைத்தண்ணீர் தங்கும், அங்கேதான் அழுகல் தொடங்கும்.

ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும் முன் அலகை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் துடையுங்கள். எலுமிச்சைக்கு இது கட்டாயம்.

மின்கம்பி பக்கத்தில் போகிற கொப்பை நீங்களே தொடாதீர்கள். மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகுதான் வேலை. அலுமினிய ஏணியும் ஈரக் கம்பும் கம்பிக்கு அருகே போகவே கூடாது. வாசலுக்கு வெளியே தெருவில் நிற்கும் மரம் உங்களுடையது இல்லை. ஊராட்சியிலோ மாநகராட்சியிலோ கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஏறும் முன் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். காக்கை, அணில் கூடு இருந்தால் குஞ்சு கூட்டை விட்டுப் போகும் வரை பொறுக்கலாம். மாவில் முசுறு (கடிக்கும் செவ்வெறும்பு) கூடு இருந்தால், அதைப் பார்க்காமல் ஏறியவருக்கு இறங்க வழி தெரியாது.

வெட்டும் இடம்

புதியவர்கள் எந்தக் கொப்பை வெட்டுவது என்றே யோசிக்கிறார்கள். எந்தக் கொப்பு நிற்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். மரத்தை மூன்று தடவை சுற்றி வாருங்கள். நிற்க வேண்டிய மூன்று நான்கு முதன்மைக் கொப்புகளில் ஒரு துணித்துண்டைக் கட்டிவிடுங்கள். அவற்றோடு உரசுவது, அவற்றின் வெயிலை மறிப்பது, உள்நோக்கி வளர்வது எல்லாம் தானாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

எது பலமான கொப்பு? தண்டிலிருந்து நன்றாக அகன்று கிளம்புவது. செங்குத்தாகத் தண்டை ஒட்டியே போகும் கொப்பின் கவட்டில் பட்டை உள்ளே மடிந்து சிக்கிக்கொள்ளும். அந்த இடத்தில் மரத்தோடு மரம் சேர்ந்திருக்காது. பார்க்கக் கனமாக இருக்கும், ஆடிக் காற்றில் பிளப்பதும் அதுதான். இரண்டு கொப்பு ஒரே கனத்தில் போட்டி போட்டு மேலே போனால் ஒன்றைச் சிறுவயதிலேயே எடுத்துவிடுங்கள். பெருவிரல் கனத்தில் எடுத்தால் தழும்பு ஒரு வருஷத்தில் மூடும். தொடை கனத்தில் எடுத்தால் பல வருஷம் திறந்தே கிடக்கும்.

கொப்பு தண்டில் சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். கொஞ்சம் தடித்த ஒரு வளையம் கைக்குத் தட்டுப்படும். அதைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். மரம் காயத்தை மூடும் திசு அங்கேதான் இருக்கிறது. கழுத்தை விட்டு, அதன் வெளி விளிம்பை ஒட்டி வெட்ட வேண்டும். தண்டோடு தண்டாக இழைத்து வெட்டினால் கழுத்து போய்விடும். அரை அடி குச்சியை விட்டு வெட்டினால் அந்தக் குச்சி பட்டு, அழுகல் அதன் வழியாக உள்ளே இறங்கும். வெட்டுப்பட்ட மரத்திசு திரும்ப வளராது. மரம் அந்த இடத்தைத் தனியே அடைத்துவிட்டு, மேலே புதுத் திசுவால் மூடும். அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷிகோ ஏராளமான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து இதை விளக்கினார். அதற்குப் பிறகுதான் தண்டை ஒட்டி இழைத்து வெட்டும் பழைய பழக்கம் பரவலாகக் கைவிடப்பட்டது.

மணிக்கட்டு கனத்துக்கு மேற்பட்ட கொப்பை ஒரே வெட்டில் எடுக்கக் கூடாது. பாதி அறுக்கும்போதே கனம் தாங்காமல் முறிந்து, தண்டின் பட்டையைக் கீழ்வரை உரித்துக்கொண்டு விழும். மூன்று வெட்டாகச் செய்யுங்கள்:

1. தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, கொப்பின் அடிப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிக் கால்வாசி அறுங்கள்.
2. அதற்கு இரண்டு விரல்கடை வெளியே தள்ளி, மேலிருந்து கீழாக முழுவதும் அறுங்கள். கொப்பு முறிந்தாலும் கிழிசல் முதல் வெட்டோடு நின்றுவிடும்.
3. மிஞ்சிய ஓரடிக் குச்சியைக் கையால் தாங்கிக்கொண்டு, கழுத்தை ஒட்டி அறுத்து எடுங்கள்.

சிறு கொப்பின் நுனியைக் குறைக்கும்போது, மரத்துக்கு வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குச் சற்று மேலே, லேசான சாய்வில் வெட்டுங்கள். மொட்டு எந்தப் பக்கம் பார்க்கிறதோ புதுக்கொப்பு அந்தப் பக்கம்தான் போகும்.

அளவு: ஒரு தடவையில் மொத்த இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். இன்னும் வெட்ட வேண்டியிருந்தால் அடுத்த வருஷம் இருக்கிறது.

கொய்யாவில் பழகுங்கள்

கவாத்து பழகக் கொய்யாவைவிட நல்ல மரம் எனக்குத் தெரியவில்லை. வெட்டிய இடத்தில் சில வாரங்களில் துளிர் தெரியும், அந்தத் துளிரிலேயே பூ வரும். செய்ததன் பலனைச் சீக்கிரம் காட்டிவிடும்.

காரணம் எளிது. கொய்யா பூப்பது புதுக்கொப்பில்தான். வெட்டாமல் விட்ட மரம் உயரமாகப் போய், எட்டாத நுனியில் நாலு காய் காய்த்து, அதையும் கிளிக்கும் வவ்வாலுக்கும் கொடுத்துவிடும்.

கன்று இடுப்பு உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கத்தில் வரும் துளிர்களில் நாலு திசைக்கு நாலு, ஒன்றுக்கொன்று ஒரு சாண் மேலும் கீழுமாக இருப்பதை விட்டு மற்றதை எடுங்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை தண்டு சுத்தமாக இருக்கட்டும். அடியிலிருந்து வரும் நீர்ப்போத்தை (காய்க்காமல் நேரே வேகமாகக் கிளம்பும் துளிரை) அவ்வப்போது கையாலேயே உரித்துவிடலாம். காய்க்கத் தொடங்கிய பிறகு, போன பருவத்தில் வளர்ந்த நுனிகளில் 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை வெட்டுங்கள். மாசி, பங்குனியில் ஒன்று, புரட்டாசி வாக்கில் ஒன்று. தண்ணீர் வசதி இல்லாத வீட்டில் புரட்டாசி மட்டும் போதும், பின்னாலேயே மழை வந்து துளிரை வளர்த்துவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. செங்குத்தாகப் போகும் நீளக் கொப்பை வெட்டாமல், சணல் கயிற்றால் மெல்ல வளைத்துத் தரையில் அடித்த முளையில் கட்டிவிடுங்கள். வளைந்த கொப்பின் முதுகு நெடுகத் துளிர் கிளம்பும், அதில் பூ பிடிக்கும். கட்டுக்கு அடியில் பழைய துணியைச் சுற்றிவிட்டால் பட்டை அறுபடாது.

மா

ஒட்டுக்கன்று என்றால் முதலில் ஒட்டுக்கட்டு, அதாவது ஒட்டு சேர்ந்த இடம், எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே வரும் எந்தத் துளிரும் அடிச்செடியுடையது. விட்டால் நீங்கள் வாங்கிய ரகத்தை அமுக்கிவிட்டு அதுவே மரமாகிவிடும்.

தண்டு 60, 70 சென்டிமீட்டர் வந்ததும் நுனியை வெட்டுங்கள். மாவின் கொப்பில் இலைகள் நெருக்கமாகச் சேர்ந்த கணு வளையங்கள் தெரியும். வளையத்துக்கு மேலே வெட்டினால் ஒரே இடத்திலிருந்து ஏழெட்டுத் துளிர் கொத்தாக வந்து நெருக்கும். வளையத்துக்குச் சற்றுக் கீழே வெட்டினால் துளிர் குறைவாக, இடைவெளி விட்டு வரும். இரண்டாவதுதான் நல்லது. மூன்று துளிரை நிறுத்தி, அவை முழ நீளம் வந்ததும் மறுபடி அதேபோல். மூன்று வருஷத்தில் ஏணி இல்லாமல் பறிக்கக்கூடிய மரம் நிற்கும். அதுவரை வரும் பூங்கொத்தைக் கிள்ளி எடுத்துவிடுவது மரத்துக்கு நல்லது. மனசு கேட்காது, இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

காய்க்கிற மரத்துக்குக் காலம், பறிப்பு முடிந்த உடனே. பெரும்பாலான ரகத்துக்கு அது ஆனி. நீலம் போன்ற பின்பருவ ரகத்துக்கு ஆடி வரை போகும். அப்போது வெட்டினால் வருகிற துளிர் மூன்று நான்கு மாதம் முற்றி, மார்கழி, தையில் பூக்கும். தாமதமாக வெட்டினால் துளிர் இளசாகவே நின்றுவிடும், பூக்காது. காய் பறித்த காம்பு, உள்ளே வெயில் விழாமல் அடைத்து நிற்கும் ஓரிரு கொப்பு, இவற்றை எடுத்தால் போதும். காற்று வேகமாக இருக்கும் நாளில் மரத்தில் ஏறாதீர்கள். மாம்பால் தோலைப் பொசுக்கும், கையுறை வேண்டும், கண்ணிலும் கவனம்.

மாவில் புல்லுருவியும் அதிகம். இலை வேறு மாதிரி, தடித்து, ஒரு கொத்தாகத் தெரிந்தால் அதுதான். அதை மட்டும் பிய்த்தால் திரும்ப வரும். அது ஒட்டிய இடத்துக்கு ஓர் அடி கீழே, நல்ல கொப்பையும் சேர்த்து வெட்டுங்கள். அது பூத்துப் பழுக்கும் முன் செய்துவிட வேண்டும், ஏனென்றால் விதையைப் பரப்புவது பறவைகள்.

முருங்கை, எலுமிச்சை, மற்றவை

முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்பது பெரியவர்கள் சொல். முருங்கையைப் பொறுத்தவரை அது முழுக்க உண்மை. மரம் மெத்தென்றது, உயரம் போனால் காற்றில் நிற்காது. பெரியகுளத்தில் உருவாக்கிய பி.கே.எம்.1 போன்ற விதை முருங்கைக்கு 75 சென்டிமீட்டர் உயரத்தில் நுனியைக் கிள்ள வேண்டும், அப்போதுதான் பக்கக் கொப்பு வரும். ஒரு காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் விட்டு முழுவதுமாக வெட்டிவிடலாம், மறுபடி தழைத்துக் காய்க்கும். இப்படி இரண்டு மூன்று வருஷம் கொண்டுபோகலாம். நான் கால் பங்கு என்று சொன்ன அளவு முருங்கைக்குப் பொருந்தாது. போத்து (வெட்டிய கொப்பு) வைத்து வளர்த்த பழைய மரத்தையும் ஆள் உயரத்துக்குக் குறைக்கலாம். வெட்டு சாய்வாக இருக்கட்டும், மேலே சாணி உருண்டையை அப்பிவிடுங்கள். தண்ணீர் இறங்கினால் இந்த மரம் உள்ளே அழுகிவிடும். மழைக்காலத்தில் தொட வேண்டாம். தண்டில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொண்டிருக்கும் காலமும் அதுதான்.

எலுமிச்சைக்கு நேர்மாறாகக் குறைவாக வெட்ட வேண்டும். புளியங்குடி பக்கம் எலுமிச்சைத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மரம் அடர்ந்து தாழ்ந்துதான் நிற்கும். அந்த அடர்த்திதான் பட்டையை வெயிலிலிருந்து காக்கிறது. தரையிலிருந்து ஒன்றரை அடி வரை தண்டைச் சுத்தமாக வைத்திருங்கள். மண்ணைத் தொடும் கொப்பு வழியாக மழைத்துளி தெறித்து நோய் ஏறும். பெரிய முள்ளும் பெரிய இலையுமாக நேரே கிளம்பும் நீர்ப்போத்தை எடுத்துவிடுங்கள். நுனி காய்ந்து வரும் கொப்பை, பச்சை தெரியும் இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வெட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது கத்தரி வைக்கக் கூடாது. சொறி நோய் ஈரத்தில்தான் பரவும்.

எலுமிச்சையின் பெரிய வெட்டுக்கு மட்டும் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை பூசுங்கள். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு அரை லிட்டரில் நீற்றி ஆறவிடுங்கள். சுண்ணாம்பில் துத்தக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். பளிச்சென்று தேய்த்த இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். அன்றைக்கே பூசி முடித்துவிட வேண்டும். மற்ற மரங்களின் சிறு வெட்டுக்குப் பெயின்டோ தாரோ எதுவும் தேவையில்லை, திறந்து விட்டாலே மரம் மூடிக்கொள்ளும்.

கறிவேப்பிலை மூன்றடி வந்ததும் நுனியைக் கிள்ளி ஐந்தாறு கொப்புக்கு விடுங்கள். இலையை உருவுவதற்குப் பதில் கொப்பாக ஒடித்தால் அதுவே கவாத்து. மாதுளைக்கு அடியிலிருந்து மூன்று நான்கு தண்டு போதும். நெல்லி காய்ச்சுமையில் ஒடியும் மரம், அதனால் அகன்ற கவடுள்ள நான்கைந்து கொப்பைச் சிறுவயதிலேயே தேர்ந்து விடுங்கள். தென்னை, பனை, பாக்குக்குக் கவாத்தே கிடையாது. ஒரே குருத்து, அது போனால் மரம் போச்சு. காய்ந்து தொங்கும் மட்டையை மட்டும் இறக்கலாம்.

கடைசியாக வேம்பு. "அண்ணாச்சி, தலையோட கழிச்சிரட்டுமா? ரெண்டு வருஷத்துக்குத் தொல்லை இல்ல" என்று மரம் வெட்ட வருபவர் கேட்பார். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். மொட்டையடித்த வேம்பு தழைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் புதுக்கொப்புகள் பட்டையின் மேற்பரப்பிலிருந்து கிளம்பியவை, உள்மரத்தில் பிடிப்பு இருக்காது. கனத்தபிறகு ஒவ்வொன்றாகக் கழன்று விழும். அடிக்கொப்புகளை வருஷத்துக்கு ஒன்றிரண்டாக எடுத்து மரத்தை மேலே தூக்குங்கள். கூரைப் பக்கம் நீளும் கொப்பை, அதிலிருந்து பிரியும் நல்ல பக்கக் கொப்பு வரை வெட்டிக் குறைக்கச் சொல்லுங்கள். வேலை கொஞ்சம் அதிகம்தான், கூலியும் சேர்த்துக் கேட்டால் கொடுப்பதில் தவறில்லை. மழை முடிந்தபின் நுனிகள் கருகி நிற்கும் வேம்பைப் பார்த்து மரம் பட்டுப்போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சியும் பூஞ்சையும் சேர்ந்து செய்கிற வேலை அது. பங்குனித் துளிர் வரும்வரை பொறுங்கள், பெரும்பாலும் தழைத்துவிடும். அப்போதும் துளிர்க்காத நுனியை மட்டும் எடுத்தால் போதும்.

வெட்டிய பிறகு

வெயில் விழத் தொடங்கிய தண்டில், தெற்கும் மேற்கும் பார்த்த பக்கத்தில், நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீராகக் கரைத்துப் பூசுங்கள். வேம்பு, கொய்யாத் தழையை ஆடு வைத்திருப்பவருக்குக் கொடுக்கலாம். மிச்சத்தைத் துண்டு போட்டு மரத்தைச் சுற்றி மூடாக்காகப் பரப்புங்கள். தண்டை ஒட்டிப் போடாமல் ஓர் அடி இடைவெளி விடுங்கள், செம்மண்ணில் கறையான் அதன் வழியாகவே மரத்துக்கு ஏறும். நோய் பிடித்த கொப்பை மூடாக்கில் சேர்க்க வேண்டாம், எரித்துவிடுங்கள்.

ஐந்தாறு வாரம் கழித்து ஒருமுறை மரத்தடிக்குப் போங்கள். பலர் இதைச் செய்வதில்லை, அதனாலேயே பாதி வேலை வீணாகிறது. ஒவ்வொரு வெட்டுவாயைச் சுற்றியும் துளிர்கள் கூட்டமாக வந்திருக்கும். வெளிப்பக்கம் பார்த்த இரண்டு மூன்றை விட்டு, மற்றதைப் பெருவிரலால் தள்ளினாலே உதிர்ந்துவிடும். இளசாக இருக்கும்போது கத்தரி தேவையில்லை. அடுத்த மழைக்குள் இன்னொருமுறை பார்த்தால் போதும்.